காலாப்பட்டு பஸ்ஸில் கிடைத்த திட்டு

இன்று காலாப்பட்டு பஸ்ஸில் சபாபதியோடு போனேன். தொலைக்காட்சித் தொடரில் கொடுமைக்கார மாமனாராக வருகிறானே, அவன்தான்.

எங்கள் அலுவலக நாடகங்களில் அவன் மறந்த வசனங்களைத் திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுத்தவன் நான். மேடையேற எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் சென்னைக்குப் போய் நடிகனாகிவிட்டான்.

காலி மீன்கூடையோடு ஏறிய ஓர் அம்மாள் அவனைக் கண்டுகொண்டார்.

"ஏன்யா, வூட்டுக்கு வந்த பொண்ண இப்டியா அழ வெப்ப?"

பஸ்ஸே அவனைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அவன் சிரித்துக்கொண்டே, "எனக்கு வசனம் எடுத்துக் குடுத்ததே இவருதாம்மா" என்றான்.

"அப்ப நீயும் கூட்டா? வயசான ஆளு, வெக்கமா இல்ல?"

ஒரு நிறுத்தம் வரை என்னைத் திட்டினார். மனம் குளிர்ந்தது. பிறகு அவனிடம் திரும்பியவர் காலாப்பட்டு வரை ஓயவில்லை.

திட்டு வாங்குவதிலும் அவனுக்குத்தான் பெரிய வேஷம். இது நியாயமா, நீங்களே சொல்லுங்கள்.