எச்சில் உருண்டை

ஆயம்மாள் எதற்கும் அருவருப்புப் படுகிறவள். பந்தியில் பக்கத்து இலையில் ஈ உட்கார்ந்தால்கூட பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள். எலவனாசூர்கோட்டையில் அவளோடு களையெடுக்கப் போகிறவர்கள் இதைச் சொல்லியே அவளைக் கிண்டல் செய்வார்கள். அப்படிப்பட்டவளுக்குத்தான் எழில்மதி பிறந்தாள். ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. கையில் அகப்படுவதையெல்லாம் நக்கிப் பார்த்துத்தான் அது இன்னதென்று தெரிந்துகொள்வாள். செருப்பு, சுவர், பஸ் கம்பி, எதற்கும் விலக்கில்லை. துடைத்துத் துடைத்து ஆயம்மாளுக்குப் பழகிப்போனது. ஊருக்குத்தான் பழகவில்லை. தெருப் பெண்கள் எழில்மதியைக் கண்டாலே தங்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொள்வார்கள்.

சனிக்கிழமையானால் ஆயம்மாள் வேலையை விட்டுவிட்டு மகளோடு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறுவாள். அங்கே ஓர் அறக்கட்டளைக்காரர்கள் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் களிமண், வண்ணம், மேளம் என்று வைத்து வகுப்பு நடத்தினார்கள். தாய்மாரும் கூடவே உட்கார வேண்டும். டீச்சர் சுபஸ்ரீ முதல் நாளே சொல்லிவிட்டாள்:

"புள்ள கையப் புடிச்சி செய்ய வைக்காதீங்க. பக்கத்துல குந்திக்கினு நீங்க பாட்டுக்கு செய்ங்க. ஒரு நாளு உங்களப் பாத்து அவளே செய்வா. அது மட்டும் வந்துட்டா, அப்புறம் பேச்சுக்கும் வழி பொறக்கும்."

அந்த ஒரு நாளுக்காக ஆயம்மாள் மாதக்கணக்கில் பாம்பு செய்தாள், சட்டி செய்தாள், கொம்பு வைத்த மாடு செய்தாள். எழில்மதி ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த கவியரசனை மட்டும் அவளுக்குப் பிடித்துப்போனது. அவனுக்கும் பேச்சில்லை. இவள் மண்ணை உருட்டி, ஒரு நக்கு நக்கி, அவன் உள்ளங்கையில் அழுத்தி வைப்பாள். அவன் பிசைந்து திருப்பித் தருவான். வகுப்பு முடியும்வரை இதேதான். பார்த்துப் பார்த்து ஆயம்மாளுக்கு வயிறு குளிர்ந்தது.

கவியரசனின் அம்மா விஜயலட்சுமிக்குக் குளிரவில்லை. தியாகதுருகம் பக்கம் கரும்புத் தோட்டமும் டிராக்டருமாக இருக்கிற குடும்பம். ஒரு சனிக்கிழமை ஆயம்மாளிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"எந்த ஊரும்மா?"

"எலவனாசூர்கோட்டைங்க."

"கோட்டையில எந்தத் தெரு?"

ஆயம்மாள் சொன்னாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

அடுத்த வாரம் போனால் எழில்மதிக்கென்று தனி பேசின், தனி மண், சுவரோரம் தனி பாய். "எச்சி பண்றா இல்லீங்களா, ஒருத்தருக்கொருத்தரு தொத்திக்கும்னு சொல்றாங்க" என்று டீச்சர் தரையைப் பார்த்துப் பேசினாள். அங்கே கவியரசனுக்கு வாயிலிருந்து சட்டை நனைய ஒழுகிக்கொண்டிருந்தது. விஜயலட்சுமி அதை முந்தானையால் துடைத்து, அந்த முந்தானையையே தோளில் போட்டுக்கொண்டாள். அது எச்சில் இல்லையாம். ஆயம்மாள் எத்தனையோ அசிங்கத்தைக் கையால் அள்ளியிருக்கிறாள், இந்த அசிங்கத்தைத்தான் எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை.

அதோடு இரண்டு பிள்ளைகளும் மண்ணைத் தொடுவதை விட்டார்கள். எழில்மதி சுவரைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவியரசன் தலையைத் தரையில் முட்டினான். கடைசியில் விஜயலட்சுமியே வந்தாள்.

"இந்தாம்மா, உம் பொண்ண இங்கயே குந்த வையி. எம் புள்ள அவ இல்லாம எதையும் தொட மாட்டேங்கறான்."

"தொத்திக்காதுங்களா?"

"அதெல்லாம் மனசுல வச்சிக்கினு பேசாத. வாயத் தொடச்சிவிட்டுக் கூட்டிக்கினு வா, அவ்ளோதான்."

வர முடியாது போ என்று சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் சுவரைப் பார்த்து நீட்டியிருந்த அந்தச் சின்னக் கைக்காக விழுங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு டீச்சர் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, உருண்டையைத் தாய்மாரும் கைமாற்ற வேண்டும் என்றாள். பிள்ளைகளிடமிருந்து வந்த உருண்டை ஆயம்மாள் கையில் ஈரமாக இருந்தது. விஜயலட்சுமி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள்.

அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் தாகமென்று நின்றால் பண்ணைக்காரம்மாக்கள் சொம்பை உயரத் தூக்கிப் பிடித்துத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். சொம்பு கையில் பட்டுவிடக் கூடாது. குவித்த கைகளோடு குனிந்து நின்றுதான் ஆயம்மாள் வளர்ந்தாள். இன்று அவள் கை தானாக உயர்ந்தது. விஜயலட்சுமியின் உள்ளங்கைக்கு ஒரு முழம் மேலே பிடித்து, மேல் பட்டுவிடாதபடி விரல்களை விரித்து, உருண்டையை விட்டாள். அது பொத்தென்று விழுந்தது. விஜயலட்சுமியின் முகம் கறுத்தது. ஆயம்மாளுக்கு அந்த நிமிடம் நெஞ்சு நிறைந்திருந்தது.

எழில்மதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசினிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். உருட்டினாள். கவியரசன் வழக்கம்போல உள்ளங்கையை விரித்து வைத்தான். அவள் கையை உயரத் தூக்கி, மேல் பட்டுவிடாதபடி விரல்களை விரித்து, உருண்டையை விட்டாள். அது அவன் கையில் பட்டுத் தரையில் உருண்டது. அவன் ஒன்றும் புரியாமல் வெறுங்கையை நீட்டிக்கொண்டே இருந்தான்.

"பாத்தீங்களா, உங்களப் பாத்து செய்றா" என்றாள் சுபஸ்ரீ. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற தாய்மார் கை தட்டினார்கள்.

ஆயம்மாளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அப்படி குடுக்காதடி" என்றாள். எழில்மதி தரையில் கிடந்ததை எடுத்து, மறுபடியும் கையை உயர்த்தினாள்.