மூன்று முறை கூப்பிட்ட பெயர்

அரசு வக்கீலம்மாவுக்குக் கோர்ட் வராந்தாவில் 'ஊசி' என்று பேர். குரலை உயர்த்த மாட்டாள், மேஜையைத் தட்ட மாட்டாள். சின்னச் சின்னக் கேள்வியாகக் குத்திக்கொண்டே இருப்பாள். வலி தெரிவதற்குள் எதிராளி உண்மையைக் கக்கியிருப்பான். மாமியாரிடம் மட்டும் இந்தப் பருப்பெல்லாம் வேகாது. "ஊரே மூட்டை கட்டிக்கிட்டுப் போகுது, நீ யாருக்கு நியாயம் வாங்கித் தரப்போறே?" என்று கிழவி கேட்டால் ஊசி கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கிழவி சொன்னதும் பொய்யில்லை. மில்லை மூடிய பிறகு ஊர் நோயாளி மாதிரி இளைத்துக்கொண்டே வந்தது. கடைத்தெருவில் பாதி ஷட்டர்கள் துருப்பிடித்துக் கிடந்தன. கோர்ட்டின் மாடிகூட ஒழுகுகிறதென்று பூட்டிக் கிடந்தது. அந்த ஊரிலும் ஒருவன் கொழுத்தான் என்றால் அது நகராட்சி சேர்மன்தான். நகராட்சிக்குச் சொந்தமான மில் நிலத்தைத் தன் மச்சான் பேருக்கு மாற்றப் பார்த்தான். அளக்கப் போன சர்வேயர், "இது பொதுச்சொத்து, கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மறுவாரமே மில் வாசலில் வெட்டுப்பட்டுக் கிடந்தார்.

கொலை வழக்கு ஊசியிடம் வந்தது. பார்த்ததாகச் சொல்ல முன்வந்தது மில் வாட்ச்மேன் ஒருவர்தான். ஊசியின் அறைக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வறட்டு இருமலுக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னார். வெட்டியவனைக் கையைக் காட்டி ஏவிவிட்டு, சேர்மன் காருக்குள்ளேயே இருந்ததையும் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் ஆயிடாதே மேடம்?"

"ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல."

இருந்து என்னத்தைக் கிழித்தாள்! சாட்சி நாளுக்கு முன்பே, மில்லின் காய்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் அவர் பிணமாகக் கிடந்தார். கால் தவறி விழுந்தாராம். இருபது வருஷமாகச் சுற்றிவந்த தொட்டியில் கால் தவறுமாம். போலீஸ் சொல்லிற்று, ஊரும் கேட்டுக்கொண்டது.

அன்றிலிருந்து ஊசிக்கு அந்த இருமல் கேட்க ஆரம்பித்தது. மத்தியானம், அறையில் தனியாக இருக்கும்போது, ஜன்னல் பக்கமிருந்து. "காத்துல கதவு ஆடும், அதைப் போய்" என்றான் கணவன். நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போடச் சொன்னாள். இருமல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பயந்தாள் என்பதைவிட, வெட்கப்பட்டாள். வந்த மனுஷனிடம் மறுபடி என்ன சொல்வது?

வாட்ச்மேனின் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். கணவனுக்குத் தினமும் மில்லுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள். ஊசி எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். "நான் எதையும் பாக்கலை மேடம். வயசுக்கு வந்த பொண்ணு இருக்கு, விட்டுடுங்க." அதற்குமேல் குத்த ஊசிக்கே மனம் வரவில்லை.

கடைசி வாய்தா வந்தது. சொல்ல ஆளில்லாவிட்டால் சேர்மன் அன்றே விடுதலை. ஏற்கெனவே வெளியே அவனுக்கு மாலையோடு நாலு பேர் நின்றிருந்தார்கள்.

அந்தக் கோர்ட்டில் சாட்சியை வாசலில் நின்று மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிற டவாலிக்கு வெண்கலத் தொண்டை. தொடங்கினால் மூன்றையும் முடிக்காமல் நிறுத்த மாட்டார். "யாரைம்மா கூப்பிடணும்?" என்று குனிந்து கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் யாரோ இருமினார்கள். ஊசி திரும்பாமலே வாட்ச்மேனின் பேரைச் சொன்னாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள் முதல் குரல் வராந்தாவில் போய் மோதிவிட்டது.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது. "செத்தவனுக்கு சம்மன் கொடுக்க மேலே ஆள் அனுப்பினீங்களா மேடம்?" கோர்ட்டே சிரித்தது. சேர்மன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினான். இரண்டாம் குரல். ஊசி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் குரல்.

"வந்துட்டேன்" என்று பதில் வந்தது.

கடைசி பெஞ்சில் அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். "சிரிக்கிறாங்க மேடம். அவர் பேரைச் சொன்னா சிரிக்கிறாங்க. நான் சொல்றேன். சர்வேயரை வெட்டினப்போ சாப்பாட்டுத் தூக்கோட நானும் அங்கதான் நின்னேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளிக் குதித்தார். பட்டியலில் இல்லாத சாட்சி, இன்னொரு நாள் வைக்க வேண்டும் என்றார். ஊசி வாழ்நாளில் முதல் தடவையாகக் கோர்ட்டில் கத்தினாள். "இன்னொரு நாள் வரைக்கும் இந்தம்மா உயிரோட இருப்பாங்கன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா?" நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இப்போதே விசாரிக்கலாம் என்றார்.

கூண்டில் ஏறுமுன் அவள் ஊசியைப் பார்த்தாள். 'ஒண்ணும் ஆகாது' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. ஊசி அதை விழுங்கினாள். "ஆகலாம்மா. எனக்குத் தெரியாது. சொல்லி முடிச்சதும் பொண்ணையும் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்கு வந்துடுங்க" என்றாள்.

சேர்மன் ஜெயிலுக்குப் போனான். மாலை கொண்டுவந்தவர்கள் அதை எங்கே போட்டார்களோ. தாயும் மகளும் மாமியாரின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டு ஊசி வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு, தூரத்து ஊருக்குப் போனார்கள். பஸ் ஏறும்போது தாய் கேட்டாள்:

"அன்னைக்குத் தெரியாமத்தான் அவர் பேரைச் சொன்னீங்களா மேடம்?"

"இல்லம்மா. வந்திருக்கார்னு நினைச்சேன்."

"நானும்தான்" என்றாள் அவள். "அந்த இருமல் எனக்கும் கேட்டுச்சு."