பலகையில் இரண்டு தட்டு

ஸ்டெல்லா போய்விட்டாள்.

நேற்றுக் காலை, சாந்தோமில் ஒரு ஆஸ்பத்திரியில். சாயங்காலம் அவள் பெண் போன் செய்து சொன்னாள். கூடவே ஒன்று கேட்டாள்... அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு எண்பத்தெட்டு வயது. எழுத்துகள் என் கண்ணுக்கு இன்றைக்கும் இடம் மாறி மாறித்தான் உட்காரும். நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் அதைத் திட்டுங்கள்.

யுத்த காலம். சாந்தோமில் ஒரு பெண்கள் ஹைஸ்கூல், தேர்ட் ஃபார்ம், இன்றைய எட்டாம் வகுப்பு. எட்டு வயதில் வந்த காய்ச்சலில் ஸ்டெல்லாவுக்குக் காது சுத்தமாகப் போயிருந்தது. எனக்குப் படிக்க வராது. இப்போது அதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. அன்றைக்கு ஒரே பெயர்தான், மக்கு.

ரோஸ் டீச்சர் எங்களை ஒரே பெஞ்சில் போட்டார். "இவளுக்குக் கேக்காது, அவளுக்குப் படிக்க வராது. ரெண்டும் சேர்ந்தா ஒரு முழுப் பொண்ணு தேறும்!" கிளாஸே சிரித்தது. ஆனால் தேறினோம்.

டீச்சர் சொல்வதை நான் சத்தமில்லாமல் வாயசைப்பேன். அவள் என் உதட்டைப் பார்த்து எழுதுவாள். பிறகு அதை எனக்கு வாசித்துக் காட்டுவாள்... அவள் ரகசியம் பேசினால் வராந்தா வரை கேட்கும்.

சிக்கல் அட்டெண்டன்ஸில்தான். ஸ்டெல்லாவைச் சேர்க்கும்போதே ஹெட்மிஸ்ட்ரஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "பேர் கூப்பிட்டா மத்த பொண்ணுங்க மாதிரி பதில் சொல்லணும். இன்ஸ்பெக்ட்ரஸ் வர்ற அன்னைக்கு முழிச்சிட்டு உக்காந்திருந்தா டி.சி.தான்."

அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். டெஸ்க் பலகைமேல் அவள் உள்ளங்கையைப் பரத்தி வைத்திருப்பாள். அவள் பெயர் வந்ததும் நான் பலகைக்கு அடியில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. உடனே "ப்ரெசன்ட் டீச்சர்!" அடுத்த பெயர் என்னுடையது.

பலகையில் வரும் எந்த அதிர்வையும் அந்தக் கை விடாது. ஒரு மத்தியானம் திடீரென்று மேலே பார்த்தாள். "சுந்தரி, மாடியில யாரோ நடக்கிறாங்க."

மாடி வகுப்புகளை மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதிப் பெண்கள் ஊரைவிட்டே போயிருந்தார்கள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"இப்ப நின்னுட்டாங்க," என்றாள்.

பிறகு எங்கள் முறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களைக் காஞ்சிபுரத்துக்குக் கிளப்பினார். "ஸ்டெல்லாகிட்ட சொல்லிண்டு வந்துடறேம்ப்பா. நான் தட்டலேன்னா அவளை அனுப்பிடுவா," என்று அழுதேன்.

"உயிர் தப்பினாப் போறும்னு இருக்கு, இவளுக்குத் தட்டணுமாம்!" என்றார் அப்பா.

காஞ்சிபுரத்தில் தினமும் காலை பத்து மணிக்கு, அட்டெண்டன்ஸ் எடுக்கும் நேரத்தில், கூடத்துத் தூணில் இரண்டு தட்டு தட்டுவேன். சித்தி திட்டுவாள். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் திரும்பிவந்தோம். தெரு முழுக்கப் பூட்டிய வீடுகள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். இன்ஸ்பெக்ட்ரஸ் வந்துபோய் நாலு நாள் ஆகிவிட்டது என்று வாசலிலேயே சொன்னார்கள். வகுப்புக்குள் எட்டிப் பார்த்தேன்.

ஸ்டெல்லா எங்கள் பெஞ்சில் இருந்தாள். உள்ளங்கை பலகைமேல். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டு...

"யாருடி தட்டினா?"

என் உதட்டைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாடி கேள்வி? நீதான். தெனமும் தட்டினியே."

"நான் ஊர்லயே இல்லடி."

"போடி, வெளையாடாத."

ரோஸ் டீச்சரிடம் போய் நின்றேன். ரிஜிஸ்டர் திறந்தே இருந்தது. எனக்கு எழுத்துதான் தகராறு, கோடு தெரியும். என் பெயருக்கு நேரே ஒரு நாள்கூட விடாமல் ப்ரெசன்ட்.

"எதுக்கு அதை நோண்டுற? வந்தே, பதில் சொன்னே. போய் உக்காரு." டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. எனக்குப் பயம். அவள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, அச்சாபீசில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்தாள். ஒரு பிழை தப்பாது என்பார்கள்.

நேற்று அவள் பெண் போனில் சொன்னது இது.

"மூணு நாளா அம்மா பேசவே இல்ல ஆன்ட்டி. காலைல பத்து மணி இருக்கும், கட்டில் கம்பில கைய வச்சிக்கினு, சுந்தரி வந்திருக்கா, ஸ்டூல் போடுன்னாங்க. போட்டுட்டு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்து கதவைத் தொறக்கறேன்... ப்ரெசன்ட்னு சத்தமா சொன்னாங்க. அவ்ளோதான். நான் வர்றதுக்குள்ள நீங்க எப்ப ஆன்ட்டி போனீங்க?"

இடுப்பு உடைந்ததிலிருந்து இரண்டு வருஷமாக நான் இந்த அடையாறு வீட்டு வாசலைத் தாண்டவில்லை. நேற்று நான் எதையும் தட்டவும் இல்லை. சத்தியமாக.

"அப்பவே கிளம்பிட்டேம்மா," என்றேன்.

போய் வாடி ஸ்டெல்லா.

உனக்கு அடுத்த பெயர் என்னுடையது. எனக்கும் இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. கூப்பிடும்போது நீ இரண்டு தட்டு தட்டு.

கையை மேஜைமேல்தான் வைத்திருக்கிறேன்...