மாநாட்டில் வணக்கம் சொல்லி முடிக்காத அண்ணன்

என் பெரியப்பா மகன் கிரவேசியோ லிகோம்வாவுக்கும் எங்கள் குடும்ப வரலாற்றில் ஒரு பக்கம் ஒதுக்கியாக வேண்டும். ஜோம்பாவில் ஒரு கல்லூரியின் கணினித் துறைத் தலைவர். அவர் கணினியில் கைவைத்து வேலை செய்ததைக் கண்டவர் உறவில் எவருமில்லை. மாநாட்டு அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி சந்தைக்குப் போனதைக் கண்டவர் பலர்.

லிலோங்வே மாநாட்டுக்கு அவரைக் காரில் அழைத்துச் சென்றவன் நான். பின்வரிசையில் அமர்ந்து அனைத்தையும் பார்த்தேன். பல கல்லூரிகளின் ஆய்வுகளுக்கெனப் பொதுவாக நிறுவிய பெருங்கணினியில், அவ்வாண்டு யாருக்கு எவ்வளவு நேரம் என்பதை அன்று பங்கிட இருந்தார்கள். கல்லூரிக்கு ஒருவர் மேடையேறிப் பத்து நிமிடத்துக்குள் கேட்க வேண்டும். கேட்காதவருக்குப் பங்கில்லை.

அண்ணன் கேட்க வேண்டியது தம் துறை விரிவுரையாளர் லுசுங்குவுக்காக. ஷிரே ஆறு பெருகினால் எந்தெந்த ஊருக்குள் தண்ணீர் ஏறும் என்று லுசுங்கு கணக்கிட்டுவந்தார். கல்லூரிக் கணினிகளைக் கொண்டு மழைக்காலத்துக்குள் அதை முடிக்க இயலாது.

"சார், மொத வரியிலயே கேட்டுடுங்க," என்று அரங்க வாசலில் கெஞ்சினார் லுசுங்கு.

"எடுத்த எடுப்புலயே கையேந்தச் சொல்றியாம்மா? நான் என்ன நேத்து மாநாட்டுக்கு வந்தவனா?"

மற்றவர்கள், எல்லோருக்கும் உரிய வணக்கத்தைச் செலுத்தியதாகக் கொள்ளும்படி ஒரே வரியில் சொல்லிவிட்டுக் காரியத்துக்கு வந்தார்கள். அண்ணனின் பெருமைக்கு அது போதவில்லை. துணைவேந்தர்கள், பரம்பரை வட்டாரத் தலைவர், வெளிநாட்டுத் தூதர்கள் என ஒவ்வொருவரையும் பட்டத்தோடு விளித்தார். இன்னும் வந்துசேராத அமைச்சரின் காலி நாற்காலிக்கும் குனிந்தார். பிறகுதான், முதலில் விளிக்க வேண்டிய வட்டாரத் தலைவரை விட்டுத் துணைவேந்தர்களை முந்தி விளித்துவிட்டது உறைத்தது. பதறி, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

மணி அடித்தது.

"பேராசிரியரே, உங்க கோரிக்கை என்ன?" என்றார் அவைத்தலைவர்.

"வர்றேன் தலைவரே. இன்னும் டீனுங்க பாக்கி."

அரங்கு சிரித்தது. தம் சாதுரியத்துக்குக் கிடைத்த பாராட்டு என்றெண்ணி அவரும் சிரித்தார். லுசுங்கு எழுந்து நின்றார். "ஐயா, ஒரே நிமிஷம், நான் சொல்லிடறேன்."

"கல்லூரிக்கு ஒருத்தர்தாம்மா. உக்காருங்க."

அடுத்த கல்லூரியை அழைத்துவிட்டார்கள்.

மதிய உணவின்போது கேட்டேன்: "அண்ணே, எதுக்கு வந்தோமோ அதைக் கேக்கவே இல்லையே?"

அவர் சம்போ மீனின் முள்ளை நீக்கிக்கொண்டிருந்தார். "வட்டாரத் தலைவரு எங்கையப் புடிச்சுக் குலுக்கினாரே, பாத்தியாடா? கோரிக்கை கெடக்கு, எப்ப வேணா வெச்சுக்கலாம்." பிறகு குழுப் புகைப்படத்துக்கு ஓடி, இரண்டு பேரை முழங்கையால் தள்ளி முன்வரிசையில் நின்றார்.

ஊர் திரும்பிய லுசுங்கு, இருக்கும் கணினிகளைக் கொண்டு மழைக்கு முன் ஒரு கரையைத்தான் முடிக்க முடியும் என்று கண்டார். மக்கள் மிகுந்த மேற்குக் கரையை எடுத்துக்கொண்டு, கிழக்குக் கரையைக் கைவிட்டார். அதன்பின் ஆய்வுக்கூடத்தில் நடந்த பேச்சை அவரே எனக்குச் சொன்னார். அண்ணனும் அதை மறுக்கவில்லை.

"கவலப்படாதம்மா, அடுத்த வருஷம் லுசாக்காவுல மாநாடு. கண்டிப்பாக் கேக்கறேன்."

லுசுங்கு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுவரைக்கும் கிழக்குக் கரைப் பக்கம் ஏறாம இருக்கச் சொல்லி, ஆத்துக்கும் ஒரு வணக்கம் வெச்சுட்டுப் போங்க சார்."

அண்ணன் அதையும் நல்ல நகைச்சுவை என்று ரசித்துவிட்டு, லுசாக்காவுக்கு விண்ணப்பிக்கப் போனார்.