மெட்ராஸ் வேண்டாம் என்ற பெட்டி

எங்கள் வீட்டுப் பட்டாவை முதன்முதலாக வாசித்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. அதுவரை அந்தத் தாள் பீரோவில் ஒரு மஞ்சள் பைக்குள் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. புல எண், பரப்பு, தீர்வை என்று நான் உரக்கப் படித்தபோது அப்பா எழுந்து நின்றுவிட்டார். இன்று கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில், அந்த மாதிரிப் பட்டாக்கள் எப்படி உருவாயின என்பதைத்தான் ஆராய்ச்சி செய்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு. அடக்கம் எனக்கு வராது, முயன்று பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. "வெள்ளக்காரனுக்கு வெள்ளக்காரன் எழுதுன கடுதாசிய நீ எதுக்குக் கண்ணு படிக்கற? அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?" என்று வாரம் தவறாமல் போனில் கேட்பாள்.

அந்தக் கடிதங்கள் எல்லாம் ஒரு நீண்ட சண்டை. நிலவரியாக வந்த பணத்தைக் கல்கத்தாவில் இருந்த இந்திய அரசாங்கமும் மெட்ராஸ் மாகாண அரசாங்கமும் பங்கு போட்டுக்கொண்டன. நிலத்தை அளக்கவும் வரைபடம் போடவும் ஆகும் செலவு யாருடையது என்று கேட்டால் மட்டும் இருவருக்கும் காது கேட்காது. வருமானத்தில் பங்கு எடுக்கிறீர்களே, செலவிலும் பங்கு கொடுங்கள் என்று மெட்ராஸ் எழுதும். அது உங்கள் நிர்வாகம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கல்கத்தா பதில் போடும். கடிதத்தின் அடியில் 'தங்கள் பணிவுள்ள ஊழியன்' என்று கையெழுத்து இருக்கும், உள்ளே கடித்துக் குதறியிருப்பார்கள். எனக்கு அந்தக் கடிதங்கள் மேல் ஒரு காதலே உண்டு.

ஆனால் என் ஆய்வேட்டின் இரண்டாவது அத்தியாயத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு மாவட்டத்தை அளப்பதற்குப் பணம் கேட்டு மெட்ராஸ் வருடக்கணக்கில் எழுதுகிறது. கல்கத்தா வருடக்கணக்கில் மறுக்கிறது. பிறகு ஒருநாள், சரி, அளவைச் செலவு முழுவதையும் நாங்களே தருகிறோம் என்று கல்கத்தா எழுதுகிறது. மெட்ராஸின் பதில்: மிக்க நன்றி, இப்போது வேண்டாம்.

ஏன்? பஞ்சமா என்றேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் தலையசைத்து மறுத்தார். ரோஷமா என்றேன். அரசாங்கத்துக்கு ரோஷம் கிடையாது என்றார். மாதக் கடைசிக்குள் காரணம் சொல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். போனால் ஒரு வருட உழைப்பு போகும். பொங்கலுக்குள் படிப்பு முடிந்துவிடும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த அப்பாவின் வாக்கும் போகும்.

அந்தக் கவலையோடுதான் பக்கத்து ஊரான பிளசன்டனில் தெரிந்த ஆன்ட்டி ஒருவர் வீட்டுப் பாட்லக் விருந்துக்குப் போனேன். மாதம் ஒரு ஞாயிறு மதியம் ஏழெட்டுக் குடும்பங்கள் ஆளுக்கொரு பாத்திரத்துடன் அங்கே கூடும். எல்லாரும் ஐடி. சாப்பிட்ட பிறகு யாராவது ஒருவர் தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். அன்று என் முறை.

"ஹிஸ்டரியா?" என்றார் ஆன்ட்டியின் கணவர். "அதுல ஹெச் ஒன் பி விசா எல்லாம் கிடைக்குமாம்மா?"

இப்படிப்பட்ட கூட்டத்துக்கு உரை ஆற்றினால் தூங்கிவிடுவார்கள். ஆகவே விளையாட்டு என்றேன். சான்டா கிளாராவில் வாங்கி வந்த மைசூர்பாகுப் பெட்டிதான் கஜானா. தோல் சோபாவில் உட்கார்ந்தவர்கள் கல்கத்தா, பெட்டி அவர்கள் மடியில். சாப்பாட்டு மேஜை நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் மெட்ராஸ். அவர்கள் ஒரு மாவட்டத்தை அளந்தாக வேண்டும், பெட்டி இல்லாமல் முடியாது. அங்கிள் கல்கத்தாவுக்குத் தலைவர், ஆன்ட்டி மெட்ராஸுக்கு. அத்தியாயத்தில் ஓட்டை இருப்பதை நான் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

"பெட்டியக் குடுங்க," என்றார் ஆன்ட்டி.

"பட்ஜெட் ஃப்ரீஸ்," என்றார் அங்கிள். "அடுத்த குவார்ட்டர் பாக்கலாம்."

"போன குவார்ட்டரும் இதத்தான் சொன்னீங்க."

"பிசினஸ் கேஸ் அனுப்பு."

"அனுப்பியாச்சு."

"ஃபார்மட் சரியில்ல. திருப்பி அனுப்பு." அங்கிள் பெட்டியைத் திறந்து ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார். "வீட்ல எல்லா அப்ரூவலும் உன் கையில இருக்கு. இங்க ஒரு மணி நேரமாவது நான் இருந்துட்டுப் போறேனே."

"ஆமா, அப்படியே அனுபவிச்சுக்குங்க. நாலு மணிக்கு ஆட்சி முடிஞ்சுடும்."

நான் ஆவணக் காப்பகத்தில் மூன்று மாதம் உட்கார்ந்து சேகரித்த தந்திரங்களை இவர்கள் பத்து நிமிடத்தில் போட்டுக் காட்டினார்கள். படம் பார்ப்பதுபோல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆன்ட்டியின் மகள், "அம்மா, திஸ் இஸ் லிட்டரலி யுவர் மண்டே கால்," என்றாள்.

பிறகு தூண்டிலைப் போட்டேன். "இப்ப கல்கத்தா மனசு மாறிடுச்சு. முழுப் பெட்டியும் மெட்ராஸுக்கு!"

நாற்காலிகள் கைதட்டின. அங்கிள் அழுதுகொண்டே கொடுப்பதுபோல் நடித்துப் பெட்டியை மேஜையில் வைத்தார். ஆன்ட்டி அதைத் தொடவில்லை. சற்று நேரம் பார்த்தார், பிறகு ஒரு விரலால் திரும்பத் தள்ளினார்.

"வேணாம்."

நான் மேஜைக்கு அருகே போனேன். "ஏன் ஆன்ட்டி? இவ்வளவு நேரம் அதுக்குத்தானே சண்டை போட்டீங்க?"

"ஏம்மா, அளந்து மேப் போட்டா முடிஞ்சுதா? அப்புறம் ஒருத்தன் நிலத்த விப்பான், ஒருத்தன் பாகம் பிரிப்பான். தினம் தினம் மாத்தி எழுத ஆள் வேணுமில்ல? அந்த ஆளுக்குச் சம்பளம் யார் குடுப்பா? ஹெட் ஆபீஸ் ஒரு தடவ குடுத்துட்டுக் கைய கழுவிடும். சப்போர்ட் காலம் பூரா நம்ம டீம் தலையில. நான் மூணு தடவ மாட்டியிருக்கேன். ஆளுக்கும் சேத்துக் குடுத்தா வாங்கறேன், இல்லாட்டி எடுத்துட்டுப் போகச் சொல்லு."

மெட்ராஸ் நாற்காலிகள் அனைத்தும் தலையாட்டின. எதிரிச் சோபாவும் சேர்ந்து ஆட்டியது. ஒரு வருடம் நான் முட்டிக்கொண்ட சுவர் இவர்களுக்குத் திங்கட்கிழமை காலை வேலை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முகத்தைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளாமல், "கரெக்ட் ஆன்ட்டி, மெட்ராஸ் அரசாங்கமும் அதத்தான் நினைச்சுது," என்றேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் போனில் தட்டினேன்.

மறுநாள் காலை, காப்பகத்தில் அந்தக் கடிதங்களை எடுத்திருந்த படங்களைத் திறந்தேன். அந்த மறுப்புக் கடிதத்தோடு ஒரு பட்டியல் சேர்ந்திருந்தது: அளவை முடிந்த பின் நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டிய எழுத்தர்கள் எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு. வேறு ஏதோ இலாகாவின் தாள் தவறி வந்து ஒட்டிக்கொண்டது என்று நானே ஒதுக்கி வைத்திருந்தேன். ஓரத்தில் யாரோ பென்சிலால் கேட்டிருந்தார்: இந்தச் செலவு எந்நாளும் நம்முடையதா?

பேராசிரியர் இரண்டு முறை படித்தார். அத்தியாயம் தப்பியது. "இந்த யோசனை எங்கிருந்து வந்தது?" என்றார். பாட்லக்கில் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு நிபுணரிடம் கலந்தாலோசித்தேன் என்றேன். அப்படியானால் அடிக்குறிப்பில் நன்றி போடு என்றார்.

அனுமதி கேட்கத்தான் மறுபடி பிளசன்டன் போனேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க இரண்டு நாள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆன்ட்டி என்னை முடிக்க விடவில்லை.

"நீ செல்போன எடுத்துட்டு பாத்ரூமுக்கு ஓடினப்பவே தெரியும். நாங்கெல்லாம் மேனேஜரும்மா, மூஞ்சியப் பாத்தே ஸ்டேட்டஸ் சொல்லுவோம்."

"சாரி ஆன்ட்டி."

"சாரி எல்லாம் வேணாம். அந்த மெட்ராஸ்காரன் எழுதின லெட்டர் இருக்கில்ல? அத எனக்கு அனுப்பு. எங்க ஹெட் ஆபீஸ் புதுசா ஒரு சிஸ்டம் ஃப்ரீயா தர்றேன்னு நிக்குது. மரியாத குறையாம மாட்டேன்னு எப்படி எழுதறதுன்னு எனக்கு வர மாட்டேங்குது."

அன்று மாலையே உட்கார்ந்து எழுதினோம். வேண்டாம் என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. தங்கள் தாராள மனத்தை எண்ணி நெகிழ்கிறோம் என்று தொடங்கி, தேவைப்படும் நிரந்தர ஆட்களின் பட்டியலை இணைத்துள்ளோம் என்று முடித்தோம். 'பணிவுள்ள ஊழியன்' என்று போடலாமா என்று கேட்டேன். ஆன்ட்டி ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தார்.

வியாழக்கிழமை ஆன்ட்டியிடமிருந்து செய்தி வந்தது. ஹெட் ஆபீஸ் பதில் போட்டுவிட்டதாம். பட்டியலின் ஃபார்மட் சரியில்லையாம், திருப்பி அனுப்ப வேண்டுமாம்.