நோட்டீஸ் புக்கில் ஒட்டிய பெயர்

1. பதினொன்று பத்து

நோட்டீஸ் புக் கிளம்பிப் போய் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கையில் ஸ்டேப்ளர் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. படியேறி ஓடினேன்.

கல்லூரி ஆபீசுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நோட்டீஸ் புக் என்பது நீளமான, தடித்த அட்டை போட்ட புத்தகம். பிரின்சிபல் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதை நாங்கள் டைப் செய்து அதில் ஒட்டுவோம். அட்டெண்டர் அதை ஒவ்வொரு டிபார்ட்மென்டாகக் கொண்டுபோவார். ஆசிரியர்கள் படித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். ரத்ததான முகாம், ஓணத்துப் பூக்களப் போட்டி, பரீட்சை டியூட்டி, எல்லாம் அதில்தான். இருபத்தாறு வருஷமாக என் கை ஒட்டிக்கொண்டே இருந்தது.

அன்று ஒட்டியது இன்டர்னல் கம்மிட்டியின் விசாரணை நோட்டீஸ். கல்லூரிக்குள் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கச் சட்டப்படி அமைத்த குழு அது. அதன் தலைவர் கெமிஸ்ட்ரி லீலா டீச்சர். காலையில் ஒரு துண்டுச் சீட்டை என் மேசையில் வைத்து, "வசந்தே, வியாழாழ்ச ரெண்டு மணிக்கு ஹியரிங். ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் கொடுக்கணும் கேட்டோ" என்று சொல்லிவிட்டு லேபுக்குப் போனார். ரெண்டு பேருக்கு என்றுதான் சொன்னார். என் கை கேட்டது 'நோட்டீஸ்' என்பதை மட்டும். மாணவியின் பெயர், வகுப்பு, ஆசிரியரின் பெயர், என்ன புகார் என்பது, எல்லாம் அச்சில். கீழே வழக்கம்போல, நகல்: அனைத்துத் துறைகளுக்கும்.

இரண்டாம் மாடி வராந்தாவில் அட்டெண்டர் தங்கச்சன் சேட்டன் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"எந்தா வசந்தே, தீ புடிச்சதா?"

வாங்கிப் பிரித்தேன். பதினோரு கையெழுத்து. நான்காவது, புகாருக்கு ஆளான அந்த ஆசிரியருடையது. எல்லோரையும்விட ஒழுங்காக, பதினொன்று பத்து என்று நேரம்கூடக் குறித்து, ஒரு பூக்களப் போட்டிக்குக் கையெழுத்திட்டதைப் போல.

2. கவுண்டர்

அந்த மாணவியை இங்கே நஸீமா என்று அழைக்கிறேன். அது அவள் பெயரில்லை. உண்மைப் பெயரை எழுதச் சட்டம் விடாது, என் மனசும் விடாது.

இரண்டு வாரத்துக்கு முன் ஃபீஸ் கவுண்டர் வரிசையில் நின்றிருந்தாள். எம்.ஏ. இரண்டாம் வருஷம். தன் முறை வந்ததும் கம்பிக்குள் முகத்தைக் கொண்டுவந்து தமிழில் கேட்டாள்.

"அக்கா, சாரு மேல கம்ப்ளெயின்ட் கொடுக்க ஃபாரம் ஏதாச்சும் இருக்கா?"

பின்னால் நின்றவர்களுக்குப் புரியக் கூடாதென்றுதான் தமிழ். மட்டாஞ்சேரியில் அவள் வீடும் என் வீடும் நாலு சந்து தள்ளி. அவர்கள் ராவுத்தர் குடும்பம். எங்களைப் போலவே வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம்.

ஃபாரம் கிடையாது, வெள்ளைத்தாளில் எழுதலாம் என்றேன். ரெக்கார்டு ரூமில் உட்கார வைத்தேன். தமிழில் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு மலையாளத்தில் எழுதினாள். தமிழ் எழுத அவளுக்கு வராது. அந்த ஆசிரியர்தான் அவளுடைய ப்ராஜெக்ட் கைடு. எல்லோரும் போனபிறகு தனியாக வரச் சொல்வது, தோளில் வைத்த கையை எடுக்காமலிருப்பது, ஃபோனில் வந்த மெசேஜுகள், 'உன் இன்டர்னல் மார்க் என் பேனாவில்தான் இருக்கிறது' என்ற பேச்சு. ஒன்றரைப் பக்கம். கம்மிட்டிக்கு ஆறு நகல் வேண்டும். வேறு யாரையும் ஸெராக்ஸ் மெஷின் பக்கம் விடாமல் நானே எடுத்தேன். பழுதான தாளைக்கூடக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவு பத்திரமாக இருந்தவள் நான்தான்.

அவள் கேட்டாள், நான் சொன்னேன். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. கவுண்டரில் கேட்டதற்கு மட்டும் பதில். நாங்கள் அப்படிப் பழகியவர்கள்.

3. பிரின்சிபல் அறை

புத்தகத்தோடு போய் நின்றேன். லீலா டீச்சரும் ஓடி வந்தார். பிரின்சிபல் கெட்ட மனுஷரில்லை. கல்லூரியின் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் சிந்திக்கிற மனுஷர்.

"போனது போச்சு. அந்தக் குட்டியக் கூப்பிடலாம், சாரையும் கூப்பிடலாம். இவரு ஒரு சாரி பறயட்டும். ஒரு சாயா குடிச்சுப் பிரியலாம்."

"சமரசம் வேணும்னு அவளாக் கேட்டாத்தான் சாரே அது நடக்கும்" என்றார் லீலா டீச்சர். "நம்ம தோணலுக்கு அவள உக்கார வைக்கச் சட்டத்துல இடமில்ல."

பிரின்சிபல் என்னைப் பார்த்தார். "வசந்தே, அந்தப் பேஜ் ஒண்ணு இல்லாம ஆனா? உனக்கும் நல்லதுதானே."

எனக்கு நல்லதுதான். புகார் கொடுத்தவர் யாரென்பதை வெளியே விடக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. விட்டவருக்குத் தண்டனையும் உண்டு. விட்டது நான். பக்கம் போனால் என் தவறும் போகும். ஆனால் பதினோரு பேர் கண்ணில் பட்டது போகாது. நாளைக்கு அவள் 'என் பெயர் வெளியே போயிற்று' என்று சொன்னால், 'எங்கே காட்டு' என்று நாங்களே கேட்போம்.

"பேஜுக்கு நம்பர் போட்டிருக்கு சார்" என்றேன். புத்தகத்தைக் கவரில் போட்டு, அரக்கு வைத்து, லீலா டீச்சர் கையில் கொடுத்தேன். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். அதில் 'தவறுதலாக' என்ற வார்த்தை வந்தபோது அடித்துவிட்டு 'என்னால்' என்று எழுதினேன்.

அதற்குள் நஸீமாவின் கிளாஸ் டியூட்டர், அன்பாகத்தான், வராந்தாவில் நாலு பேர் நடுவே நிறுத்தி "எந்தா மோளே பிரச்சனை?" என்று கேட்டிருக்கிறார். அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

4. படகுத்துறை

மூன்று மணிக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தோப்பும்படிப் பாலத்தில் பஸ் நின்றது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். நல்ல வாக்கியங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் நான் கொஞ்சம் தப்பித்தேன். எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டேன்.

அவள் வீட்டுச் சந்தில் சுக்கு மூட்டைகளின் காரம் மூக்கில் ஏறியது. அவளுடைய அம்மா தையல் மெஷினில் இருந்தார்.

"வாங்க வசந்தாக்கா. இவ தலவலின்னு வந்து படுத்துருக்கா. சாயா எடுக்கட்டா?"

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நாக்கு நுனிவரை வந்தது. ஊருக்கெல்லாம் சொன்னவள் பெற்றவளிடம் சொன்னால் என்ன என்று தோன்றிய அந்த நொடியில் என்னை நானே பிடித்து நிறுத்தினேன். இதையாவது அவளே சொல்லட்டும்.

"ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வேணும். இவளக் கொஞ்சம் கூட்டிட்டுப் போறேன்."

படகுத்துறைப் பக்கம் நடந்தோம். கல் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஷால் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நோட்டீஸ் டைப் பண்ணது நீங்கதானே."

"நான்தான். ஒட்டினதும் நான்தான். நீ நம்பிக் கொடுத்தத நான் தெருவுல போட்டுட்டேன். என்னை மன்னிச்சுடுன்னு கேக்க வந்தேன். மன்னிக்காட்டியும் சரி."

ஒரு படகு வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"எழுத்த நல்லாப் பெருசா வச்சிருந்தீங்களாமே அக்கா. கடைசி பெஞ்சு வரைக்கும் தெரிஞ்சிருக்கும்."

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்த்தேன். இரண்டும்தான். நான் அவள் முதுகில் கை வைக்கப் போனேன். நிறுத்திக்கொண்டு, "வைக்கட்டா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். வைத்தேன்.

பிறகுதான் உள்ளே இருந்தது வந்தது.

"நான் வாபஸ் வாங்கிடுறேன். பேரு போனதுக்காக இல்ல. அடுத்த மாசம் ப்ராஜெக்ட் வைவா. மார்க் போடப்போறது அவருதானே. நான் உள்ள உக்காந்து உண்மையப் பேசிட்டு வெளிய வந்து அவர் முன்னாடியே வைவாக்கு நிக்கணும். தோத்துட்டேன்னா அத்தா படிப்ப நிறுத்திடுவாரு."

நான் அதிர்ந்து போனேன். "அவரு உனக்கு மார்க் போடக் கூடாதுன்னு நீ கேக்கலாமே. விசாரணை முடியுற வரைக்கும் உன் பேப்பரையோ ப்ராஜெக்டையோ அவர் தொடக் கூடாதுன்னு கம்மிட்டி சொல்லலாம். விதியிலயே இருக்கு."

"யாருமே சொல்லலியே."

"நீ கேக்கல. நான் சொல்லல."

அந்த விதிகள் அச்சான நாளில் ஃபைல் போட்டு, பஞ்ச் செய்து, நாடா கட்டியவள் நான். அதே விதிகள் தெரியாமல் ஒரு பெண் இரண்டு வாரம் தூங்காமல் இருந்திருக்கிறாள். நோட்டீஸ் புக்கில் பெயரை ஒட்டியதைவிட இது பெரிய தப்பென்று அந்தப் பெஞ்சில்தான் தெரிந்தது.

கைப்பையில் வெள்ளைத்தாள் இருந்தது. பையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். அவர் தன் ப்ராஜெக்டைத் தொடக் கூடாதென்று நாலே வரி. எழுதி முடித்ததும் மடித்து என்னிடம் நீட்டினாள், பிறகு பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நானே லீலா டீச்சர்கிட்ட கொடுக்குறேன் அக்கா. கோவிச்சுக்காதீங்க."

கோபமா. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

5. வியாழன்

கம்மிட்டி வேலையிலிருந்து என்னை எடுத்தார்கள். எனக்கு மெமோவும் வந்தது. இரண்டும் சரியே. ப்ராஜெக்டுக்கு வேறு கைடு, வேறு எக்ஸாமினர் என்று புதன்கிழமையே உத்தரவு போட்டார்கள். அதை நான் டைப் செய்யவில்லை. சேதி மட்டும் கேட்டேன்.

வியாழன் ஒன்றேமுக்காலுக்கு நஸீமா வந்தாள். கூட அம்மா. முந்தின நாள் சமையலறையில் வைத்துச் சொன்னாளாம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முழுதும் கேட்டாராம். அத்தாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாராம்.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்தினார்கள். அம்மா என் மேசைப் பக்கம் வந்தார்.

"இங்க இருக்கலாமா?"

நாற்காலி போட்டேன். ஆபீசில் நாலைந்து தலைகள் திரும்பின. நான் ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். அவை தாள்களுக்குள் போயின. அம்மாவின் கைகள் சும்மா இருக்கத் தெரியாத கைகள். தைத்துப் பழகியவை. என் மேசையில் கிடந்த கயிற்றை எடுத்து முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும் ஆபீஸ் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். இந்த மாதிரித் தாள்கள் வந்தால் பெயர் இல்லாமல், மூடிய கவரில், நீயே நடந்துபோய் உரியவர் கையில் கொடு. வழக்கமாக எப்படிச் செய்வோமோ அப்படிச் செய்யாதே. இன்னொன்று, கவுண்டரில் ஒரு பெண் வந்து ஃபாரம் கேட்டால் அவள் கேட்காததையும் சொல். மார்க்கை அவர் தொடாமல் தடுக்கலாம் என்று சொல். துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல். சமரசத்துக்கு யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொல். கையில் ஒரு பிரதி கொடு. வரிசை நீண்டால் நீளட்டும்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கம்மிட்டி புகார் உண்மை என்று எழுதியது. மேனேஜ்மென்ட் அந்த ஆசிரியரை வேலையிலிருந்து எடுத்தது. நஸீமா வைவா முடித்து, இப்போது வைட்டிலா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆனால் அதெல்லாம் மாதங்கள் கழித்து. அந்த வியாழன் எங்களுக்கு எதுவும் தெரியாது. மூடிய கதவுதான் தெரிந்தது.

மூன்று மணி சுமாருக்கு அம்மா மெல்லக் கேட்டார்.

"உள்ள அவ சத்தமாப் பேசுறாளா வசந்தாக்கா? அவளுக்குப் பயம் வந்தா தொண்ட அடைக்கும்."

காதைக் கொடுத்தேன். வார்த்தைகள் புரியவில்லை, புரியவும் கூடாது. குரல் மட்டும் வந்தது. நிறுத்தி, மூச்செடுத்து, மறுபடி தொடங்கும் ஒரே குரல்.

"பேசுறா" என்றேன். "நடுவுல யாரும் பேசல. அவதான் பேசுறா."