நீலமாகாத சரிகை

அக்காவின் முகூர்த்தப் புடவையை அப்பாவே நெய்தார். பிள்ளையார்பாளையத்தில் அதுதான் வழக்கம். ஊருக்கெல்லாம் நெய்கிறவர் சொந்த மகளுக்குக் கடையில் வாங்கினால் சிரிக்க மாட்டார்களா? அந்த வருடம் பார்த்து, தங்கப் பூச்சுள்ள வெள்ளிச் சரிகையோடு செம்புச் சரிகையைக் கலந்து விற்கிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. மாப்பிள்ளையின் மாமாவுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், சோதித்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். செம்பு என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுபோகும். அதற்குப் பிறகு அப்பாவை நம்பி யாரும் நெய்யக் கொடுக்க மாட்டார்கள். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்த சித்தப்பா, ஒரு குப்பியில் அமிலத்தோடு முதல் நாளே வந்துவிட்டார். எங்கள் வீட்டில் இருந்த ஒரே போலிச் சரிகை என் பொம்மையின் பாவாடைக் கரைதான். அதில் ஓர் இழையை உருவி அமிலத்தில் போட்டார். பழுப்புப் புகை எழும்பி, அமிலம் நீலமானது. சுவரில் அக்கா ஒட்டியிருந்த தனிம அட்டவணையில் ஒரு பத்தியைத் தொட்டுக் காட்டினார்.

“செம்பு, வெள்ளி, தங்கம். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு, ஒரே குடும்பம். கீழ போகப் போக அழுத்தம் ஜாஸ்திமா. செம்பு சட்டுனு கரைஞ்சு நீலமாயிடும். வெள்ளி கரைஞ்சாலும் நிறம் காட்டாது. தங்கம் அசையவே அசையாது.”

அக்கா அதையெல்லாம் புதுமுக வகுப்பிலேயே படித்தவள். பட்டப்படிப்புக்கும் இடம் கிடைத்திருந்தது. படித்தது போதும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார், அப்பாவும் தலையாட்டிவிட்டார். அழுது பார்த்த அக்கா, பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து பாயில் உட்கார்ந்தார். புடவையிலிருந்து பெண்ணே இழை எடுத்துக்கினு வரட்டும் என்றார், பெரிய மனது பண்ணி. உள்ளே போன அக்கா வர நேரமாயிற்று. வந்தவள் இரண்டு கைகளையும் மூடியபடி, சித்தப்பா அமிலம் ஊற்றி வைத்திருந்த கண்ணாடிக் குவளையின் முன்னால் நின்றாள். அப்பா சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பாதித் தண்ணீர் வாய்க்குப் போகாமல் வேட்டியில் சிந்தியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கையைத் திறந்து இழையைப் போட்டாள்.

நான் வரதரில் தொடங்கி காமாட்சி வரை ஒருவரையும் விடாமல் வேண்டிக்கொண்டேன். இழை மெல்லக் கரைந்தது. அமிலம் தெளிவாகவே இருந்தது. தங்கப் பூச்சு மட்டும் துணுக்குகளாக மிதந்தது. சித்தப்பா உப்புத் தண்ணீர் விட்டதும் தயிர்போல வெள்ளையாகத் திரண்டது. வெள்ளிதான் என்றார். மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா சந்தோஷத்தில் அழுதாள். அக்காவும் உள்ளே போய் அழுதாள். அதுவும் சந்தோஷம்தான் என்று நினைத்தேன்.

பின்னாலேயே போனேன். அவளுடைய இடது கை இன்னும் மூடியே இருந்தது. பிரித்துப் பார்த்தால், என் பொம்மைப் பாவாடையின் இன்னோர் இழை. எனக்கு வந்ததே கோபம். கேட்காமல் எப்படிப் பிய்க்கலாம் என்று சண்டைக்குப் போனேன்.

“எடுத்துக்கோ. இனிமே எனக்கு வேணாம்.”

எதற்காக எடுத்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. திரும்பத் தைத்துத் தந்தால்தான் ஆயிற்று என்று அன்று முழுவதும் அவளை நச்சரித்தேன். அவளும் தைத்துக் கொடுத்தாள்.